நெல்லில் தொடங்கும் எழுத்து, மூன்றாம் வகுப்பில் நின்றுபோவது ஏன்?

திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் சரஸ்வதிக்கென்று தனிக்கோயில் இருக்கிறது. விஜயதசமி அன்று காவிரிப் படுகையின் பல ஊர்களிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார்கள். பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறார்கள். வாய் ஒலியைச் சொல்ல, விரல் அதன் வடிவத்தை உணர, கண் பின்தொடர்கிறது.

இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளில் சிலர் பின்தங்கத் தொடங்குகிறார்கள். மேட்டூரில் என்றைக்குத் தண்ணீர் திறந்தார்கள், எந்த வயலில் குறுவை, எதில் சம்பா என்று பெரியவர்போல விவரம் சொல்லும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தின் நான்கு வரியை வாசிக்கத் தெரிவதில்லை. முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறது. 'சொல்வதை எழுதுதல்' என்றால் வயிற்றுவலி வருகிறது. வகுப்பில் அதற்குக் கிடைக்கும் பெயர் 'மெல்லக் கற்போர்'; வகுப்புக்கு வெளியே அதைவிடக் கடுமையான பெயர். இப்படி வாசிக்கத் தடுமாறுவதைக் குறிக்கும் டிஸ்லெக்சியா என்ற சொல் பெரும்பாலும் அந்தப் பள்ளியை எட்டுவதே இல்லை. எட்டினாலும் மருத்துவச் சான்றிதழ், தேர்வுச் சலுகை என்ற இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு எப்படித்தான் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது என்பது கேட்கப்படாமலே போகிறது.

கண்ணில் இல்லை கோளாறு

'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை 1887-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896 நவம்பரில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் தடையில்லாத, சுறுசுறுப்பான பையன். ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்கவோ பிழையின்றி எழுதவோ முடியவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். இன்றைக்குத் தஞ்சாவூர்ப் பள்ளி ஒன்றில் விசாரித்தாலும் இதே போன்ற சித்திரம் கிடைக்கும்.

தொடக்ககால மருத்துவர்கள் இதைச் சொற்குருடு என்று அழைத்தார்கள். அதனால் கண்ணில்தான் குறை என்ற நம்பிக்கை இன்றும் நீடிக்கிறது. எழுத்துகள் தலைகீழாகத் தெரியும் என்பதும், வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்பதும் அதன் கிளைகள். கண் பயிற்சியும் வண்ணக் கண்ணாடியும் டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். பார்வைக்குறை இருந்தால் கண்ணாடி போடத்தான் வேண்டும். ஆனால் வாசிப்பு அதனால் வந்துவிடாது.

பெரும்பாலான பிள்ளைகளிடம் சிக்கல் இருப்பது பேச்சொலியில்தான். 'நெல்' என்று கேட்கும்போது அது ந், எ, ல் என்ற மூன்று ஒலிகளால் ஆனது என்பதைப் பிரித்துணர்வதும், ஒவ்வொரு ஒலியையும் அதற்குரிய வரிவடிவத்தோடு விரைவாக இணைப்பதும் இவர்களுக்குக் கடினம். அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குடும்ப வழியில் வருவது உண்டு. அப்பாவும் பள்ளியில் இப்படித்தான் தடுமாறினார் என்று வீட்டில் சொன்னால் ஆசிரியர் அதைக் குறித்துக்கொள்வது நல்லது.

தமிழில் இது எப்படித் தெரியும்?

டிஸ்லெக்சியா பற்றிய நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. 'பி'யையும் 'டி'யையும் மாற்றி எழுதும் பிள்ளையை அடையாளம் காணச் சொல்லும் பட்டியல், தமிழ் வாசிக்கும் பிள்ளைக்கு அதிகம் உதவாது.

ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் அடிக்கடி முரண்படும். தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். இப்படி ஒழுங்கான எழுத்துமுறை உள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா வேறு முகம் காட்டுகிறது. ஜெர்மன் பேசும் பிள்ளைகளிடம் ஹைன்ஸ் விம்மர் 1990-களில் செய்த ஆய்வுகளில், அவர்கள் ஓரளவு சரியாகவே வாசித்தார்கள். ஆனால் மிக மெதுவாக வாசித்தார்கள். எராள்டோ பாலெசுவும் சக ஆய்வாளர்களும் 2001-இல் டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களை ஒப்பிட்டார்கள். மூளையில் குறைந்த செயல்பாடு மூன்று மொழியினரிடமும் ஒன்றாகவே இருந்தது; வாசிப்பில் மட்டும் இத்தாலியர்கள் மேலாக இருந்தார்கள். ஜப்பானில் வளர்ந்த, வீட்டில் ஆங்கிலம் பேசிய ஓர் இளைஞரைப் பற்றி 1999-இல் வைடெல், பட்டர்வொர்த் இருவரும் எழுதினார்கள். ஆங்கிலம் வாசிக்க மிகவும் தடுமாறிய அவர், ஜப்பானிய மொழியைத் தடையின்றி வாசித்தார்.

தமிழாசிரியருக்கு இதில் எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. எழுத்துக்கூட்டி ஒருவழியாக வாசித்துவிடும் பிள்ளை தப்பித்துவிட்டதாகத் தோன்றும். வேகத்தைக் கவனித்தால்தான் உண்மை தெரியும். ஒரு பத்தியை முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகும் அளவுக்கு மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்குப் பாடத்தின் பொருள் எட்டாது.

தமிழுக்கே உரிய தடைகளும் உண்டு. 247 எழுத்து என்ற எண்ணே குழந்தையை மிரட்டுகிறது. உயிர்மெய் 216-ஐயும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்ய முயலும் பிள்ளை பாதியில் களைத்துப்போகும். 'கே' என்று எழுதும்போது இரட்டைக்கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் காதில் முதலில் விழுவது 'க்'. 'கோ'வில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, டு, து, மு என்று உகர வரிசையில் குறியே எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. பெரியார் 1935 முதல் கடைப்பிடித்த சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றபோது ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் போயின. குழந்தையின் சுமையும் அந்த அளவுக்குக் குறைந்தது. உகர, ஊகார வரிசைகளைச் சீர்திருத்தம் தொடவில்லை.

அடுத்த தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் 'நாத்து நட்டாச்சு'; புத்தகத்தில் 'நாற்று நட்டாயிற்று'. தெருவில் 'பளம்', புத்தகத்தில் 'பழம்'. காதில் விழாத ஒலியை எழுத்தில் தேடவேண்டிய நிலை. எல்லாப் பிள்ளைகளும் இதைக் கடக்கிறார்கள் என்றாலும், ஒலியைப் பிரிப்பதிலேயே தடுமாறும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. அதற்கும் மேலே நீண்ட சொற்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்ற ஒரே சொல்லில் ஆங்கில வாக்கியம் ஒன்றின் பாதி அடங்கிவிடும்.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு கன்னடத்தில் நடந்திருக்கிறது. பெங்களூரு பிராமிஸ் அறக்கட்டளையின் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் எழுத்துகளைக் கற்று முடிக்கக் குழந்தைகளுக்கு முதல் வகுப்பு போதாது, நான்காம் வகுப்புவரைகூட அது நீள்கிறது என்று காட்டியது. எழுத்தை இரண்டு ஒலிகளாகப் பிரித்துணரும் திறனும் மெதுவாகவே வருகிறது. தமிழ்ப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்பில் எல்லா எழுத்தையும் எதிர்பார்க்கும் பாடத்திட்டம் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

திண்ணையும் மணலும்

தஞ்சை வட்டாரத்தின் பழைய திண்ணைப் பள்ளிகளில் எழுத்தை மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வது வழக்கம். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் அத்தகைய பள்ளிகளில்தான் படித்தார். அந்தப் படிப்பைத் தன் வரலாற்றில் விரிவாகவே பதிந்திருக்கிறார். மணலிலிருந்து ஓலைக்கு, ஓலையிலிருந்து சுவடிக்கு என்று படிகள் இருந்தன. ஆசிரியருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இருந்தான்.

இந்த முறை கடல் கடந்தும் போயிற்று. சென்னை ராணுவ ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது.

1930-களில் அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையிலும் விரலும் வாயும் காதும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கின்றன. உலகெங்கும் டிஸ்லெக்சியா பள்ளிகள் இன்றும் பின்பற்றுவது பெரும்பாலும் அந்த வழியைத்தான்.

இதைக் கொண்டு பழைய திண்ணைக்குப் பட்டம் கட்டிவிட முடியாது. திண்ணைப் பள்ளி எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. மனப்பாடமும் பிரம்பும் அதன் இரு தூண்கள். சொல் நினைவு பலவீனமான பிள்ளை அங்கே அடிதான் வாங்கியிருக்கும். மணலில் எழுதுவதற்கு மந்திர சக்தியும் கிடையாது. ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் வழிமுறைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வந்த மதிப்பீட்டில் பலன் நேர்முகமாக இருந்தது, ஆனால் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. உறுதியான ஆதாரம் வேறொன்றுக்கு இருக்கிறது: ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை ஒளிவுமறைவின்றி, படிப்படியாக, திரும்பத் திரும்பக் கற்பிப்பது. அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வந்தடைந்த முக்கிய முடிவுகளில் ஒன்று இது. விரலும் மணலும் அந்தக் கற்பித்தலுக்கு நல்ல துணை, அவ்வளவே.

வகுப்பில் செய்யக்கூடியவை

தமிழில் இந்த வழியைப் பின்பற்ற விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதலில் காது. 'வரப்பு' என்ற சொல்லைக் கைதட்டி வ–ரப்–பு என்று பிரிப்பது; 'நெல்'லில் முதல் ஒலியை மாற்றினால் 'சொல்' வருமா, 'செல்' வருமா என்று கேட்பது. எழுத்தே இல்லாமல் வாயாலும் காதாலும் ஆடும் விளையாட்டு இது. தினமும் பத்து நிமிடம் போதும்.

பிறகு எழுத்து. அகர வரிசையை முழுக்க ஒப்பித்துவிட்டுச் சொல்லுக்கு வருவதைவிட, சில எழுத்துகளைக் கற்றவுடன் சொல் அமைப்பது நல்லது. ப, ட, ம் என்ற மூன்றே இருந்தாலும் 'படம்' வந்துவிடும். 'ட்' சேர்ந்தால் 'பட்டம்'. தஞ்சைக்கு அடுத்த புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தபோது, அதன் பாடநூல் 'பட்டா' என்ற சொல்லிலிருந்து தொடங்கியது. நிலத்தோடு வாழ்கிறவருக்குப் பொருளுள்ள சொல், வாசிக்கவும் எளிது. காவிரி டெல்டாப் பிள்ளைக்கு மடை, வயல், களம், கதிர் என்று அப்படிச் சொற்கள் நிறைய உண்டு.

உயிர்மெய்யை 216 படங்களாக அல்லாமல் சேர்க்கையாகக் காட்டவேண்டும். ந் + எ = நெ என்பதைப் பிள்ளை தன் வாயாலேயே இழுத்துச் சொல்லிப் பார்க்கவேண்டும். துணைக்கால், கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றைத் தனி அட்டைகளாக்கி எழுத்தட்டையோடு சேர்த்துக் காட்டலாம். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பது என்று உடலசைவும் சேர்த்தால் 'கல்', 'கால்' இரண்டும் குழம்பாது. ஒழுங்கில்லாத உகர வரிசையைக் கடைசிக்கு ஒதுக்கி, வடிவம் ஒத்தவற்றைக் குழுவாக்கிக் கற்பிக்கலாம்.

ண, ந, ன குழப்பத்துக்குத் தமிழ் மரபிலேயே மருந்து இருக்கிறது. பள்ளிகளில் இவற்றை 'மூணு சுழி', 'ரெண்டு சுழி' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்; அது வடிவத்தை மட்டும் சொல்கிறது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்களில் பயன்படுத்தும் விதியே அடங்கியிருக்கிறது. 'ட'வுக்கு முன் ண், 'த'வுக்கு முன் ந், 'ற'வுக்கு முன் ன்: வண்டி, பந்து, கன்று. நூறு சொற்களை மனப்பாடம் செய்ய முடியாத பிள்ளைக்கு இந்த ஒரு விதி பெரிய விடுதலை. நாக்கு எங்கே படுகிறது என்று சிறு கண்ணாடியில் பார்க்கச் சொல்வதும் உதவும். எழுத்துகள் பிறக்கும் இடத்துக்குத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று தனி இயலே வைத்திருக்கிறது.

நீண்ட சொல்லைப் பென்சிலால் வெட்டிக் காட்டவேண்டும்: போய் | கொண்டு | இருந்தவர்கள் | இடமிருந்து. நான்காம், ஐந்தாம் வகுப்பில் வாசிப்பு வேகம் கூட, பகுதி, விகுதியைப் பிரித்தறியும் இந்தப் பழக்கம் பெரிதும் துணைசெய்யும். அதோடு ஒரே பத்தியை ஆசிரியரோடு சேர்ந்து பலமுறை உரக்க வாசிப்பதும் வேண்டும். வகுப்பின் முன்னால் முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் பெற்றோர் முன்கையெடுத்து உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், தன் அனன்யா மையத்தின் வழியாக இத்தகைய பயிற்சியைப் பல ஆண்டுகளாக அளித்துவருகிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. வாசிப்புக்கு உதவும் அவாஸ் ரீடர் செயலியின் உருவாக்கத்திலும் அதற்குப் பங்குண்டு. சென்னைக்கு வெளியே, அதுவும் தமிழ்வழிப் பள்ளிகளில், இந்த அனுபவம் பரவுவதுதான் இப்போதைய தேவை.

யாரைக் கண்டுபிடிப்பது, எப்போது?

பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வின்படி, 2022-இல் கிராமப்புறத் தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மிச்சம் 95 பேருக்கும் டிஸ்லெக்சியா என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அந்தப் பிள்ளைகள் முதல் வகுப்பையே முழுதாகப் பார்த்ததில்லை. டெல்டாவில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் தனியாக நாட்களைத் தின்கின்றன. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது.

எல்லோரும் பின்தங்கிய வகுப்பில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை கண்ணில் படாது. அதனால்தான் முதலில் எல்லோருக்கும் நல்ல முறையில் கற்பிப்பது, அதன் பின்பும் தேறாதவர்களைச் சிறு குழுவில் அமர்த்துவது, அப்போதும் தடுமாறுபவரைப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற படிமுறையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. தமிழகத்தில் அதற்கான சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. ஒரு பிள்ளை மாதக்கணக்கில் அரும்பிலேயே நின்றால் அதுவே ஓர் அறிகுறி. அதை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் உடனே கொண்டுபோவதை வழக்கமாக்கினால் போதும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் டிஸ்லெக்சியாவுக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாகக் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைச் சேர்த்தது. அதன் 16-ஆம் பிரிவு, குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, தகுந்த கற்பித்தல் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. ஆனால் நடைமுறையில் வந்த 2018-ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டுதல், சான்றிதழை 8 வயதிலிருந்துதான் தொடங்கியது; 14-லும் 18-லும் மறுபரிசோதனை கேட்டது. சான்றிதழுக்கு அந்த வயது நியாயமானதே. அதுவரை கற்பித்தலும் காத்திருக்கலாம் என்று பள்ளிகள் புரிந்துகொள்வதுதான் ஆபத்து. மௌரீன் லவெட்டும் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு வகுப்புகளில் சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் மூன்றாம் வகுப்பில் பெற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேறினார்கள்.

பரிசோதனைக் கருவியிலும் மொழிச் சிக்கல் உண்டு. ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துத் தமிழ்வழிப் பிள்ளையை அளந்தால் டிஸ்லெக்சியா தெரியாது, ஆங்கிலம் தெரியாததுதான் தெரியும். மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நந்தினி சாட்டர்ஜி சிங் தலைமையில் உருவாகி 2015-இல் வெளியான 'டாலி' பரிசோதனை, முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வந்து இந்திய மொழிகளுக்கு வழி காட்டியது. பேச்சு வழக்கையும் கணக்கில் கொண்ட தமிழ்க் கருவி தொடக்கப் பள்ளி ஆசிரியரின் கைக்கு எட்டவேண்டும்.

சலுகையும் படிப்பும்

பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று தமிழகத்தில் சலுகைகள் உண்டு. இவை பிச்சையல்ல, உரிமை. கணக்கும் அறிவியலும் தெரிந்த பிள்ளையை எழுத்துப்பிழைக்காகத் தோற்கடிப்பது அநீதி. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்த ராமானுஜனின் கதை இந்த ஊருக்குத் தெரியும். அவருக்கு டிஸ்லெக்சியா இருந்ததாக யாரும் நிறுவவில்லை; நிறுவவும் வேண்டாம். மேதைகளின் பட்டியலைக் காட்டித் தேற்றுவதைவிட ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பிள்ளைக்குப் பயன்படும்.

சலுகையின் எல்லையும் தெரியவேண்டும். பத்தாம் வகுப்பில் எழுதித் தர ஆள் கிடைப்பதால், அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் கிடைக்காத வாசிப்பு வந்துவிடாது. வங்கிப் படிவமும் பேருந்துப் பலகையும் பயிர்க் காப்பீட்டு அறிவிப்பும் சலுகை தருவதில்லை. ஆங்கிலவழிக்கு மாற்றினால் பிள்ளை தேறிவிடும் என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரும் உண்டு. ஒழுங்கான தமிழ் எழுத்திலேயே தடுமாறும் பிள்ளைக்கு ஒழுங்கற்ற ஆங்கில எழுத்து இன்னும் கடினம் என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

ஆகவே டெல்டாப் பள்ளிகளுக்கான முன்னுரிமை தெளிவு: முதலில் கற்பித்தல், பிறகு சான்றிதழ். ஆசிரியர் பயிற்சியில் தமிழ் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகக் கற்பிக்கும் முறை தனிப்பாடமாக வேண்டும். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் அதில் தேர்ந்த பயிற்றுநர் ஒருவராவது நிலையாக இருக்கவேண்டும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, பிழையோடு நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல ஒன்றுண்டு: ஏழு வயதில் பிள்ளை எழுத்துக்கூட்டத் தடுமாறினால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், அந்த வாரமே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.